ராஜினாமாவோடு மூடப்படும் ஃபைல்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொழிலாளர் சட்ட வழக்குகள் நடத்தும் எனக்கு, பல்கலைக்கழக ஊழியர்கள் மீதான பாலியல் புகார்களும் வருகின்றன. பலவும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. விசாரணைக்குத் தேதி குறித்ததும் பேராசிரியர் "சொந்தக் காரணங்களுக்காக" ராஜினாமா கொடுக்கிறார். நிர்வாகம் அன்றைக்கே ஏற்றுக்கொள்கிறது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து அம்மாவோடு வந்த ஒரு முதுகலை மாணவியின் போனில் இரண்டே வரி மின்னஞ்சல்: அவர் இப்போது எங்கள் பணியில் இல்லை, விவகாரம் முடிந்ததாகக் கருதுகிறோம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "அவர்தான் போயிட்டாரே, விட்டுடும்மா. நாளைக்குக் கல்யாணம்னு வரும்போது நாலு பேர் பேசுவாங்க" என்றார் அம்மா. மகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அவர் செஞ்சது தப்புன்னு யாராவது எழுதி வச்சாங்களா அக்கா?"

யாரும் எழுதவில்லை. அதுதான் இதில் எனக்குப் பொறுக்காத விஷயம். 1997-ஆம் ஆண்டு வேலை நிபந்தனைகள் சட்டப்படி, வேலையை விட்டுப் போகிறவருக்குத் தரும் சான்றிதழில், அவரே கேட்டால்தான் விலகிய காரணத்தை எழுத வேண்டும். இவர் எதற்குக் கேட்கப்போகிறார்? சுத்தமான சான்றிதழோடு அடுத்த பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார். அங்கேயும் மாணவிகள் இருக்கிறார்கள்.

நிர்வாகத்தின் கணக்கு எளிது. பணிநீக்கம் செய்தால் அவர் தொழிலாளர் தகராறு ஆணையத்துக்குப் போவார், பெயர் வெளியே வரும். ராஜினாமா என்றால் சத்தமில்லை. அந்த ஒழுங்கு விசாரணையில் புகார் கொடுத்த பெண் வெறும் சாட்சிதான், வழக்கு நிர்வாகத்துக்கும் ஊழியருக்கும் இடையில் நடப்பது. முடிவைக்கூட அவளிடம் சொல்லாமல் விடுவதற்கு இதையே காரணம் காட்டுகிறார்கள்.

ஆனால் ராஜினாமா கொடுத்தவரும் நோட்டீஸ் காலம் முடியும்வரை ஊழியர்தான். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி அது குறைந்தது 4 வாரம். மனம் இருந்தால் அதற்குள் விசாரணையை முடிக்கலாம். அதனால், புகார் கொடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்: அவர் ராஜினாமா செய்தாலும் விசாரணை நடக்க வேண்டும், முடிவு எனக்குத் தெரிய வேண்டும், என் ஆய்வுக்கு வேறு வழிகாட்டி வேண்டும். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துக் கேட்டால், வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள். குற்றத்தைப் போலீசில் சொல்லக் கூடாது என்று எந்த ஒப்பந்தமும் உங்களைக் கட்டிப்போட முடியாது.

அப்புறம், பல்கலைக்கழகம் மட்டுமே வழி இல்லை. தொந்தரவு தொடர்ந்தால், 2011-ஆம் ஆண்டு துன்புறுத்தல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பலாத்காரம் என்றால், டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் மகாத்மா காந்தி மருத்துவமனையில் உள்ள துதுசேலா மையத்துக்கு (பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையம்) போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், போலீஸ் புகார் பற்றி அப்புறம் யோசிக்கலாம். பழைய சம்பவம் என்று ஒதுங்கி இருப்பவர்களுக்கும் ஒன்று: 2020-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாலியல் குற்றங்களுக்கு வழக்குத் தொடரக் காலக்கெடு கிடையாது.