மழை விட்ட சிறிது நேரத்தில் ஆட்டம்: கோல்ஃப் புல்தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

டிவியில் பெரிய கோல்ஃப் போட்டிகளைப் பார்ப்பவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். கனமழை கொட்டும், ஆட்டக்காரர்கள் குடையோடு ஒதுங்குவார்கள். மழை விட்ட சிறிது நேரத்தில் திரும்பி வந்து அதே புல்தரையில் பந்தை உருட்டுவார்கள். பந்து சேற்றில் புதையாது, நீர் தேங்கி நிற்காது. நம் பக்கம் ஐப்பசி அடைமழை ஒன்று பெய்தால், புதுச்சேரியிலும் கடலூரிலும் எத்தனையோ விளையாட்டு மைதானங்கள் பல நாட்களுக்குக் குட்டையாகவே கிடக்கும். இரண்டும் புல்தரைதான். ஆனால் வித்தியாசம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது.

கோல்ஃப் மைதானம் என்றால் பச்சைப் பசேலென்று பரந்த வெளிதான் நம் நினைவுக்கு வரும். போட்டி நடத்துபவர்களின் கவலை பெரும்பாலும் அதில் ஒரு சிறிய பகுதியைப் பற்றியது. கொடி நட்ட குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கிறதே, அதற்குப் பெயர் கிரீன். 18 குழிகளுக்கு 18 கிரீன்கள். குழியின் விட்டம் 108 மி.மீ., பந்தின் விட்டம் 42.67 மி.மீ.-க்குக் குறையக்கூடாது, எடை 45.93 கிராமுக்கு மிகக்கூடாது. 18 குழிகளையும் முடிக்கப் பந்தை 72 முறை அடிக்கலாம் என்பது வழக்கமான கணக்கு, அதில் 36 முறை கிரீனில் பந்தை உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பரிசுப் பணத்தின் தலைவிதி பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

கோல்ஃப் வளர்ந்தது ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில். மணல் தண்ணீரை உடனே கீழே விட்டுவிடும், புல் மெல்லியதாகப் படரும், தரை கெட்டியாக இருக்கும். அந்த ஆட்டம் உள்நாட்டுக்கு, களிமண் பூமிக்கு வந்தபோதுதான் சிக்கல். மழைக்குச் சேறு, வெயிலுக்குப் பாறை. கூடவே ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மண் இறுகிவிடும், வேருக்குக் காற்று கிடைக்காது. இதற்குத் தீர்வாக அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் ஒரு கட்டுமான முறையை வெளியிட்டது. சில திருத்தங்களோடு உலகம் முழுக்க இன்றும் பெரிதும் பின்பற்றப்படுவது அதுதான்.

முறை இதுதான். இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்து, அடித்தளத்தைச் சரித்து இறுக்குகிறார்கள். அதில் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட 100 மி.மீ. குழாய்களைப் பதிக்கிறார்கள். மேலே 10 செ.மீ. சிப்ஸ் ஜல்லி. அதற்கு மேல் சலித்தெடுத்த மணல் 30 செ.மீ. அதன் மேல்தான் புல்.

அடியில் ஜல்லி இருந்தால் தண்ணீர் சர்ரென்று இறங்கிவிடும் என்றுதான் யாருமே நினைப்போம். முதலில் நடப்பது நேர்மாறு. ஜல்லி தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது.

காரணம் பரப்பு இழுவிசை. பள்ளிக்கூடத்தில் நுண்குழாய் ஒன்றைத் தண்ணீரில் நிறுத்திக் காட்டுவார்கள், தண்ணீர் தானாக மேலே ஏறும். 0.1 மி.மீ. ஆரமுள்ள குழாயில் சுமார் 15 செ.மீ. ஏறும். 1.5 மி.மீ. ஆரமுள்ள குழாயில் 1 செ.மீ. மட்டுமே. மணல் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகள் முதல் வகை, ஜல்லிக்கு இடையிலுள்ளவை இரண்டாவது வகை. மணல் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும், ஜல்லிக்கு அந்தப் பிடி கிடையாது. அதனால் மணலிலுள்ள தண்ணீர் எல்லைவரை வந்து அங்கேயே நின்றுவிடும். மேலிருந்து நீர் சேர்ந்துகொண்டே வந்து, எல்லையில் மணல் முழுக்க நிரம்பிய பிறகுதான் ஜல்லிக்குள் சொட்டத் தொடங்கும். தொடங்கிவிட்டால் வேகம் பிரமாதம். கூடுதலாக விழும் தண்ணீர் முழுக்க ஜல்லி வழியாகக் குழாய்க்கு ஓடிவிடும். மழை நின்றதும் மணலின் மேல்பகுதி வடிந்து, பெரிய சந்துகளில் காற்று புகுந்துவிடும். அடிப்பகுதியில் மட்டும் ஈரம் தங்கும். நிலத்தடி நீரோடு தொடர்பே இல்லாமல் மணலுக்குள் தொங்கி நிற்கிற ஒரு நீர்மட்டம் இது. வெயில் காலத்தில் வேர்கள் குடிப்பது இதைத்தான்.

இதே விதி உங்கள் வீட்டுப் பூந்தொட்டிக்கும் பொருந்தும். தண்ணீர் வடிய வேண்டும் என்று அடியில் ஜல்லியும் ஓட்டுச் சில்லும் போடுகிறோம். அது வடிகாலைக் கூட்டாது, ஈரம் தங்கும் மட்டத்தை வேருக்கு இன்னும் அருகே தூக்கிவிடும். தொட்டி முழுவதும் ஒரே மண்கலவை போட்டு, அடியில் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்வதே மேல்.

30 செ.மீ. என்ற அளவின் அருமை இப்போது புரியும். மணல் 15 செ.மீ. மட்டும் இருந்தால் ஈரம் ஏறத்தாழ மேலே வரை வந்து புல் அழுகும். 50 செ.மீ. இருந்தால் ஈரம் கீழேயே தங்கி மேல்பகுதி காயும். ஒரே கிரீனில் ஓரிடம் ஆழம், ஓரிடம் மேலோட்டம் என்று போனால் ஒரு பக்கம் சதசதவென்றும் இன்னொரு பக்கம் காய்ந்தும் இருக்கும். அதனால் மேலே தெரியும் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் அப்படியே கீழ்த்தளத்திலும் செதுக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டத்துக்குச் சவால் விடும் வேலை இது.

இந்த அமைப்பு எவ்வளவு மழையைத் தாங்கும்? மணிக்குக் குறைந்தது 15 செ.மீ. தண்ணீர் மணல் வழியாக இறங்க வேண்டும் என்கிறது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் விதிமுறை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. சராசரியாகப் பார்த்தால் மணிக்குச் சுமார் 2 செ.மீ.தான். காகிதக் கணக்கில் அந்த மணல் இதை அநாயாசமாகக் குடித்துவிடும். ஆனால் குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது என்பதுதான் கேள்வி. சுற்றுவட்டாரமே வெள்ளத்தில் மூழ்கி, வாய்க்காலின் நீர்மட்டம் குழாயை விட உயர்ந்துவிட்டால் மணல் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் சேரும் கடலூர்த் தாழ்நிலத்தில், ஆறும் கடலும் ஒரே சமயத்தில் ஏறி நிற்கும் நாட்கள் உண்டு. அங்கே கிரீனை மேடாக்கிக் கட்டுவதும், பம்பு வைத்து இறைப்பதும் தவிர வேறு வழியில்லை.

அப்படியானால் தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கத்து மணலையே அள்ளிப் போட்டால் என்ன என்று தோன்றும். அது அப்படியே உதவாது. குறைந்தது 60 சதவீதத் துகள்கள் 0.25 மி.மீ.-இலிருந்து 1 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். களிமண் 3 சதவீதத்துக்கும், வண்டல் 5 சதவீதத்துக்கும் மிகக்கூடாது. கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும். அலை உருட்டி உருட்டித் துகள்கள் மழமழப்பாகிவிட்டால் காலுக்கடியில் நழுவும். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டில் துகள் முனை கூர்மையாக இருப்பது நல்லதுதான், ஆனால் கூடவே வரும் கல்மாவு சந்துகளை அடைத்துவிடும். எந்த மணலாக இருந்தாலும் கழுவி, சலித்து, ஆய்வகத்தில் சோதித்த பிறகே போடுவார்கள்.

இனி புல். உலகின் வெப்பப் பகுதிகளில் தொழில்முறைப் போட்டி நடக்கும் பல மைதானங்களில் இருப்பது பெர்முடா புல். பெயரைக் கேட்டு எங்கோ அயல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சினோடான் டாக்டைலான் என்ற அந்தப் புல், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான். வயலில் களையென்று பிடுங்கி எறிந்தாலும் ஒரு கணுவிலிருந்து திரும்ப முளைக்கும் அந்தப் பிடிவாதம்தான் மைதானத்துக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் கிளென் பர்டன் என்ற விஞ்ஞானி, அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவான ஒரு மெல்லிய புல்லையும் கலந்து புதிய ரகங்களை உருவாக்கினார். 1956-இல் வந்த டிஃப்கிரீன் அவற்றில் ஒன்று. அதே ஊரில் பின்னாளில் காமா கதிர் பாய்ச்சி உண்டாக்கிய டிஃப்ஈகிள் 1997-இல் வெளிவந்தது. இந்தக் கலப்பினங்களில் குரோமோசோம் தொகுதிகள் மூன்று இருப்பதால் விதை கட்டாது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்குக் கரணை நடுவதைப் போல, கொடித்தண்டுகளைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் நடவேண்டும்.

குளிர்நாடுகளில் கிரீனுக்குப் பயன்படும் பென்ட் புல் நம் கடலோரத்தில் கோடையைத் தாண்டாது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது அதன் ஒளிச்சேர்க்கை இயந்திரம் கரியமில வாயுவோடு ஆக்சிஜனையும் தவறாகப் பிடித்து, சேர்த்த சர்க்கரையை வீணடிக்கும். அருகம்புல்லும் கரும்பும் சோளமும் இந்தத் தவற்றைத் தவிர்க்கும் வேறொரு பாதையைக் கொண்டவை.

எவ்வளவு பிடிவாதமான புல்லாக இருந்தாலும் போட்டி நாளில் அதற்குத் தாங்க முடியாத சோதனைதான். 3 மி.மீ. உயரத்துக்கு, சில சமயம் அதற்கும் கீழே வெட்டுகிறார்கள். இலைப்பரப்பு குறைந்தால் உணவு குறையும், உணவு குறைந்தால் வேர் மேலே சுருங்கும். வேர் சுருங்கினால் கீழே தங்கிய ஈரம் எட்டாது. மதிய வெயிலில் ஊழியர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு புல்லின் மேல் லேசாகத் தெளிப்பது இதற்காகத்தான்.

இங்கே தண்ணீர்க் கேள்வி வந்துவிடுகிறது. நம் பகுதியில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கோடையில் புல்தரையிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. ஈரம் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு 50,000 லிட்டர். பாசனம் வேண்டிய பரப்பு 30 ஹெக்டேர் என்றால் தினம் 15 லட்சம் லிட்டர். இதைக் கடலோரத்தில் போர் போட்டு எடுத்தால் என்ன ஆகும்? நன்னீர் உப்புநீரை விட இலேசானது, அதன் மேல் மிதக்கிறது. கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: உறிஞ்சி மேல்மட்டத்தை 1 மீட்டர் குறைத்தால், கீழேயிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறும். புதுச்சேரிக் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாவது ஏற்கெனவே உள்ள பிரச்சினை. விளையாட்டு எனக்குப் பிடிக்கும், ஆனால் குடிநீரைக் கரிக்க வைத்து ஒரு புல்தரை வேண்டாம்.

மாற்று உண்டு. கடலோர பாஸ்பாலம் என்றொரு புல் வெப்பநாட்டு உப்பங்கழிகளில் இயல்பாக வளர்வது. சுத்திகரித்த கழிவுநீரும் ஓரளவு உப்புநீரும் அதற்குப் போதும். அமெரிக்காவில் கியாவா தீவின் கடலோர மைதானத்தில் இந்தப் புல்லின் மேல்தான் 2012, 2021 ஆண்டுகளின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் என்ற பெரிய தொழில்முறைப் போட்டி நடந்தது. இரண்டாவது முறை அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கெல்சன் தன் 50-ஆவது வயதில் வென்றார். உப்புநீர் பாய்ச்சினால் அவ்வப்போது நல்ல தண்ணீரோ நல்ல மழையோ மணலைக் கழுவிவிட வேண்டும். 30 செ.மீ. மணலும் ஜல்லியும் இருப்பதால் அந்தக் கழுவல் சுலபம்.

அப்புறம், பந்து ஓடும் வேகம். 1935-இல் அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டியைப் பார்க்கப் போன எட்வர்ட் ஸ்டிம்ப்சன், ஆட்டக்காரர் மெல்லத் தட்டிய பந்து கிரீனை விட்டே உருண்டு மணற்குழிக்குள் விழுவதைக் கண்டு, வேகத்தை அளக்கக் கருவி ஒன்றைச் செய்தார். 36 அங்குல நீளமுள்ள, நடுவில் பள்ளம் ஓடும் ஒரு சட்டம், அவ்வளவுதான். மேலே ஒரு குழிவில் பந்தை வைத்துச் சட்டத்தை மெல்ல உயர்த்த வேண்டும். சுமார் 20 டிகிரி சாய்வில் பந்து தானாக விடுபட்டு உருளும். சமதளத்தில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் கிரீனின் வேகம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1970-களில் எடுத்த கணக்கில் சராசரி 6 அடி 6 அங்குலம். இன்றைய பெரிய போட்டிகளில் 12 அடி சாதாரணம்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் என்ன மாறிவிட்டது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சட்டத்தை விட்டு வரும்போது பந்தின் வேகம் நொடிக்கு சுமார் 1.8 மீட்டர். 6.5 அடியில் நின்றால் உராய்வுக் குணகம், அதாவது புல் பந்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண், ஏறத்தாழ 0.085, 12 அடியில் நின்றால் 0.046. சரிவு இந்தக் குணகத்தை எட்டிவிட்டால் கீழ்நோக்கி உருளும் பந்து நிற்கவே நிற்காது. பழைய கிரீனில் 4 சதவீதச் சரிவிலும் பந்து நின்றுவிடும், புதிய வேகத்தில் அதே 4 சதவீதம் ஆபத்து. சரிவுகள் அப்படியே இருக்க, புல்லை மட்டும் இன்னும் ஒட்ட வெட்டியதால் பழைய மைதானங்கள் பலவற்றில் குழி வைக்கத் தகுந்த இடம் சுருங்கிவிட்டது. 2004 யு.எஸ். ஓப்பனின் கடைசி நாளில் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தின் 7-ஆவது கிரீனில் பந்து நிற்க மறுத்தது. வேறு வழியில்லாமல் ஆட்டத்தின் நடுவிலேயே தண்ணீர் தெளித்தார்கள். வேகமே தரம் என்று ஓடுவது தவறு என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

கடலோரத்தில் இதோடு காற்றும் சேரும். பந்தின் உயரத்தில் மணிக்கு 20 கி.மீ. காற்று அடித்தால், அந்தத் தள்ளுவிசை தோராயமாக இரண்டரை சதவீதச் சரிவுக்குச் சமம். ஏற்கெனவே 3 சதவீதம் சரிந்த, 12 அடி வேகமுள்ள கிரீனில் இது போதும், நின்ற பந்து புறப்பட்டுவிடும். 2015-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியில் சனிக்கிழமை காற்றில் பந்துகள் நகரத் தொடங்கி, பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் நின்று, போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. அதனால் கடலோர மைதானங்களில் புல்லைக் கொஞ்சம் வளரவிட்டு, 10 அடியை ஒட்டியே வேகத்தை வைக்கிறார்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும் நம் கரையிலும் அதே கணக்குதான் பொருந்தும்.