மலை வளைவில் ரயிலைத் திருப்புவது எது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். தைப்பிங் போகும் லோரி மலைமேல் ஏறி இறங்குகிறது, அதைவிடப் பலமான ரயிலுக்கு மட்டும் ஏன் மலையைக் குடைய வேண்டும்? இரண்டாவது, இரட்டைத் தண்டவாளம் வருவதற்கு முன்பு ராத்திரி ரயில் வளைவில் திரும்பும்போது பெண் அழுவதுபோல் ஒரு சத்தம் லயத்து வீடுவரை கேட்குமாம். மோகினி என்பாராம் பாட்டி. அது என்ன?

முதல் கேள்விக்குக் கணக்கு சுலபம். இரும்புச் சக்கரம் இரும்பின்மேல் உருளும்போது தடை மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் ரயிலை நகர்த்த ஏறக்குறைய 2 கிலோ இழுவிசை போதும். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு, அதாவது நூறு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறும் மேடு வந்தால் டன்னுக்கு இன்னும் 10 கிலோ சேரும். அதாவது, கண்ணுக்கே தெரியாத மேட்டில் வேலை ஆறு மடங்கு. ரப்பர் டயர் லோரிக்குச் சமதளத்திலேயே டன்னுக்கு 8, 10 கிலோ தேவை, அதே மேட்டில் அதன் பாடு இரண்டு மடங்குதான். போதாக்குறைக்கு, மழை நனைத்த தண்டவாளத்தில் எஞ்சின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அப்போது பிடிமானத்துக்காகத் தண்டவாளத்தில் மணல் தூவவே எஞ்சினில் மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரம். நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் ரயில் ஏற வேண்டுமென்றால் மூச்சு விடாமல் 70 கிலோமீட்டர் பாதை வேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சடக்குதான் போகிறது.

ஆக, ரயிலுக்கு இரண்டே வழி: மலையைக் குடை, அல்லது வளைந்து போ. 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் ரயில் ஓடியது. அது சமதளம், சிக்கல் இல்லை. மலையும் காடும் குறுக்கே வந்த இடங்களில், அதுவும் ஆள்நடமாட்டம் குறைந்த பகுதிகளில், நீளமான சுரங்கத்துக்கு யார் பணம் போடுவார்கள்? வளைந்துதான் போனார்கள். 1931-இல் முடிந்த கெமாஸ் - தும்பாட் காட்டுப் பாதை இன்றும் ஒற்றைத் தடம். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர்தான் என்பது இங்கே கைகொடுத்தது. பாறையைக் குறைவாக வெட்டினால் போதும், இறுக்கமாகவும் வளைக்கலாம்.

சரி, வளைத்தாயிற்று. ரயில் எப்படித் திரும்புகிறது? அதற்கு ஸ்டீயரிங் கிடையாதே! எனக்கு அலுக்காத விஷயம் இதுதான்.

கால் வட்டம் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட ஏறத்தாழ 1.6 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது. தண்டவாளங்களின் இடைவெளிதான் அதைத் தீர்மானிக்கிறது. காரில் இரண்டு சக்கரமும் தனித்தனி வேகத்தில் சுற்றும். ரயிலிலோ இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கியிருக்கிறார்கள், ஒன்று சுற்றினால் மற்றதும் அதே அளவு சுற்றியாக வேண்டும்.

ரகசியம் சக்கரத்தின் வடிவத்தில் இருக்கிறது. அது தட்டையான உருளை இல்லை, லேசான கூம்பு. இரண்டு தண்டவாளங்களின் நடுவைப் பார்க்கும் பக்கம் பெரிது, வெளியே பார்க்கும் பக்கம் சிறிது. சரிவு வழக்கமாக இருபதுக்கு ஒன்று. வளைவில் அச்சு தானாகவே வெளிப்பக்கம் சில மில்லிமீட்டர் நகரும். உடனே வெளிச் சக்கரம் தன் பருத்த பகுதியிலும், உள்சக்கரம் மெலிந்த பகுதியிலும் உருளும். ஒரே சுற்றில் ஒன்று அதிகத் தூரம் போகிறது, மற்றது குறைவாகப் போகிறது. திரும்பியாயிற்று! சக்கரத்தின் ஓரத்தில் தண்டவாளத்தை ஒட்டிக் கீழே நீளும் விளிம்புதான் ரயிலைப் பிடித்துத் திருப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விளிம்பு வெறும் காவலுக்கு.

இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளின் வாயோடு வாய் வைத்து ஒட்டி, இணையான இரண்டு குச்சிகள்மேல் உருட்டிப் பாருங்கள். கோணலாக விட்டாலும் நடுவுக்கு வந்துவிடும். அடியோடு அடி ஒட்டினால் கீழே விழும். இரண்டு வெள்ளி செலவில் நடக்கும் இந்தச் சோதனையை விட்டுவிட்டு, பள்ளிகளுக்குப் பெரிய திரை வாங்கிக் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறோம் என்பது என் தீராத புகார்.

இந்த வித்தைக்கும் எல்லை உண்டு. 600 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அச்சு 8 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். 200 மீட்டர் வளைவில் 20-க்கு மேல் நகர வேண்டும், ஆனால் அவ்வளவு இடம் இல்லை. விளிம்பு தண்டவாளத்தில் முட்டும். சக்கரம் ஒழுங்காக உருளாமல் பக்கவாட்டில் பற்றுவதும் வழுக்குவதுமாக அதிரும். அந்த அதிர்வுதான் கீச்சென்ற சத்தம், பாட்டியின் மோகினி. இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து கிடப்பதால் மேலே போகும் ஒலி கீழே வளைந்து வெகுதூரம் கேட்கும். இந்தத் தண்டவாளங்களைப் போடப் போய் மலேரியாவில் செத்த நம் ஆட்களைப் பற்றி ஒரு பேய்க்கதைகூட இல்லை, வளைவுக்கு மட்டும் மோகினி.

இப்போது தைப்பிங் போகும் வழியில் புக்கிட் பெராப்பிட்டில் 3 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கம் வந்துவிட்டது. இடிஎஸ் என்ற மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது, அந்த வேகத்துக்கு இறுக்கமான வளைவு ஆகாது. நேர்ப்பாதையில் கூம்புச் சக்கரம் வேறு தொல்லை தரும்: அச்சு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே ஓடும், வேகம் கூடினால் ஆட்டமும் கூடும். அதனால் வேக ரயில்களில் கூம்பின் சரிவைக் குறைத்து, ஆட்டத்தை அடக்கும் கருவிகளையும் பொருத்துகிறார்கள். சக்கரம் தேயத் தேய இந்தச் சரிவு மாறிவிடும் என்பதால், அவ்வப்போது பணிமனையில் கடைசல் இயந்திரத்தில் ஏற்றிப் பழைய வடிவத்துக்கே மறுபடியும் கடைந்துவிடுகிறார்கள்.