கிராம சுகாதாரக் குழு: யார் இருப்பார்கள், பணம் எதற்கு, நாம் என்ன கேட்கலாம்?

ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் ஒரு சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. 2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது. பிறகு ஊட்டச்சத்தும் இதன் பொறுப்பில் சேர்ந்தது. முழுப் பெயர் கிராம சுகாதார, துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு. தமிழ்நாட்டில் குடிநீரும் இதோடு உண்டு.

மத்திய வழிகாட்டுதல்படி குறைந்தது 15 உறுப்பினர்கள் வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினருக்கு ஊரில் அவர்கள் இருக்கும் அளவுக்கு இடம். தலைமைக்குப் பெண் வார்டு உறுப்பினர், முடிந்தால் பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண். கூட்டத்தைக் கூட்டுபவர் ஆஷா பணியாளர், அதாவது அந்த ஊரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் பெண் சுகாதாரப் பணியாளர். வங்கிக் கணக்கில் தலைவரும் அவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் நர்சம்மா என்று நாம் கூப்பிடும் கிராம சுகாதார செவிலியரிடம் விசாரிப்பதுதான் சரி.

ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிபந்தனையற்ற நிதி உண்டு, அதாவது எந்தப் பொது வேலைக்கு என்று குழுவே முடிவு செய்யலாம். ஆனால் போன வருடம் செலவான அளவுக்குத்தான் அடுத்த வருடம் நிரப்புவார்கள். செலவு செய்யாமல் பத்திரமாக வைத்திருந்தால் வரவும் நின்றுபோகும். துப்புரவு, கொசு ஒழிப்பு, ஊட்டச்சத்து, சுகாதார விழிப்புணர்வு என ஊருக்குப் பொதுவான வேலைகளுக்கு இதைச் செலவிடலாம். தனி ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது. ஆதரவற்ற பெண்களுக்கும் மிக ஏழைக் குடும்பங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஊராட்சிக்கு ஏற்கெனவே நிதி வந்த வேலையை இதில் செய்து கணக்கு எழுதுவதும் தவறு.

10,000 ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் ஆகாது. என் பார்வையில் இந்தக் குழுவின் பலம் வேறு. தடுப்பூசி செவிலியர் பொறுப்பு, சத்துமாவு அங்கன்வாடி பொறுப்பு, தண்ணீர்த் தொட்டியும் குப்பையும் ஊராட்சி பொறுப்பு. காலனியில் ஒரு குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்து எடை குறைந்தால் அதற்கு இந்த மூவரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். தனித்தனியாகப் போய்க் கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டுவார்கள். மாதம் ஒரு முறை அவர்களை ஒரே பாயில் உட்கார வைக்கிறது இந்தக் குழு.

அங்கே முதலில் கேட்க வேண்டியது, யார் விடுபட்டார்கள் என்பதுதான். நூறு குழந்தைகளில் தொண்ணூறு பேருக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்றால் பதிவேடு அழகாகத்தான் இருக்கும். மிச்சம் பத்துப் பேரும் செங்கல் சூளையில் தங்கியிருப்பவர்களின் பிள்ளைகளாக இருந்தால்? ஊர்க் கடைசித் தெருவுக்குக் குழாய் போகிறதா, மாதாந்திர சுகாதார ஊட்டச்சத்து நாளுக்கு அந்தத் தெருக் கர்ப்பிணிகள் வருகிறார்களா, வராவிட்டால் தூரம் காரணமா, கூலி போய்விடும் என்ற பயமா, அந்த இடத்துக்குள் நுழையத் தயக்கமா என்று தெரு வாரியாகப் பார்க்கச் சொல்கிறது விதியின் நோக்கம். ஒதுக்கப்பட்ட குடும்பங்களைத் தேடிச் சேர்ப்பது குழுவின் கடமைகளில் ஒன்று.

பல ஊர்களில் குழு காகிதத்தில்தான் இருக்கும், கையெழுத்து மட்டும் வீடு தேடி வரும். உங்கள் ஊரில் எப்படி என்று தெரிய வேண்டுமானால் கிராம சபையில் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும். உறுப்பினர் பட்டியல், கடைசிக் கூட்டத்தின் தீர்மானம், நிதி வரவு செலவு ஆகிய மூன்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். தட்டிக்கழித்தால் இதே மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு.