கோர்ஸ்: தொடர் உசாத்துணை நிலையம்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ காணி அளக்க வரும் சேவையரிடம் இப்போது சங்கிலியைக் காண்பது அரிது. ஒரு கம்பு, அதன் தலையில் காளான் போல, செய்மதிச் சமிக்ஞையைப் பெறும் ஒரு வாங்கி. கையிலுள்ள திரையைப் பார்த்து, "கோர்ஸ் கிடைக்குது, பிக்ஸ் விழுந்திட்டுது" என்பார். பிக்ஸ் விழுவது என்றால் நிற்கும் இடம் துல்லியமாகக் கிடைத்துவிட்டது என்று பொருள். பக்கத்தில் நிற்கும் காணிக்காரருக்குக் கோர்ஸ் என்றால் மகள் படிக்கும் கணினிப் பாடநெறிதான்.

இந்தக் கோர்ஸ் வேறு. 'கொன்ரினியூவஸ்லி ஒப்பரேற்றிங் ரெபரன்ஸ் ஸ்ரேஷன்' என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள். 1990களில் அமெரிக்கா, இடம் துல்லியமாகத் தெரிந்த, செய்மதிகளை இடைவிடாமல் அவதானிக்கும் தன் நிரந்தர நிலையங்களுக்கு வைத்த பெயர், உலகமெங்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதற்கு முன், சேவையர் இடம் தெரிந்த புள்ளியொன்றில் தன் சொந்த வாங்கியொன்றை நிறுத்தி, அதற்குக் காவலுக்கும் ஒருவரை இருத்திவிட்டுத்தான் அடுத்த காணிக்குப் போகவேண்டும்.

ஜீ.பீ.எஸ். செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரமே தூரக் கணக்கு. நேரத்தில் ஒரு நனோசெக்கன் பிசகினால் தூரத்தில் 30 சென்ரிமீற்றர் பிசகும். மேல்வளியில் மின்னூட்டத் துணிக்கைகள் நிறைந்த அயனமண்டலமும் சமிக்ஞையைத் தாமதப்படுத்தும். கைப்பேசி சில மீற்றர் தள்ளிக் காட்டுவது இதனால்தான். வேலிச் சண்டைக்கு அது போதாதா! நிலையத்தின் இடமோ ஏற்கெனவே துல்லியமாகத் தெரியும். ஆகவே அதே செய்மதிகள் அந்த நேரத்தில் எவ்வளவு பிழையாகச் சொல்கின்றன என்பதைக் கணித்து, இணையம் வழியாகச் சேவையரின் வாங்கிக்கு அனுப்புகிறது. திருத்தியபின் பிழை ஓரிரு சென்ரிமீற்றர்.

'நிரந்தரம்' என்பதுதான் இதில் கடினமான பகுதி. நிலையத்தின் வாங்கியைத் தாங்கும் தூண் அசையக்கூடாது. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதில் நட்ட தூணும் அதோடு ஆடும். வவுனியாப் பக்கம் போல் அடியில் கருங்கற்பாறை கிடைத்தால் நல்லது. பாலையும் வீரையும் வானத்தை மறைக்காத வெளி வேண்டும். தகரக்கூரை அருகில் இருந்தால் சமிக்ஞை தெறித்து இரட்டிக்கும். இலங்கை காந்த மத்தியகோட்டை ஒட்டியிருப்பதால், பொழுதுபட்ட பின் அயனமண்டலம் கலங்கி வாங்கி தடுமாறும் நாட்களும் உண்டு. தூணை எவ்வளவு ஆழத்தில் நட்டாலும், நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வடகிழக்காக நகர்வதை யாராலும் நிறுத்தமுடியாது. அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

தமிழில் 'குறிப்பு நிலையம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, யாரோ குறிப்பெடுக்கும் இடம் போலிருக்கிறது. நம்மிடம் 'உசாத்துணை' இருக்கிறது. உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல்; உசாத்துணை, அப்படிக் கேட்கத்தக்க துணை. நூற்பட்டியலின் தலைப்பில் நாம் தினமும் காணும் சொல்தான். சேவையரின் வாங்கி நிலையத்திடம் உசாவித்தானே தன் இடத்தைத் திருத்துகிறது? ஆகவே 'தொடர் உசாத்துணை நிலையம்'.

வயலில் நின்று சொல்ல அது நீளம். 'உசா நிலையம்' என்று சுருக்கலாம். சேவையர் கம்பில் கொண்டுபோகும் வாங்கியை ஆங்கிலத்தில் ரோவர் என்பார்கள். அதற்கு 'உலாவி' வேண்டாம், இணைய உலாவியோடு குழம்பும். 'நகரும் வாங்கி' போதும்.