பதினாறாம் நாள் கையெழுத்து

அப்பாவின் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும் முன்பே பேச்சு வந்துவிடும்: "திங்கக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துட்டுப் போயிடும்மா, ஒரு கையெழுத்துதான்." அந்தக் கையெழுத்து பெரும்பாலும், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்துக்கு. பதிவானதும் மகளின் பங்கு அண்ணனுடையதாகிவிடும்.

"கல்யாணத்துக்குத்தான் நகை போட்டாச்சே" என்பது சட்டத்தில் எடுபடாது. சீர் வேறு, பங்கு வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் எல்லாருக்கும் சமபங்கு. அம்மா, இரண்டு மகன், இரண்டு மகள் என்றால் ஆளுக்கு 5-இல் ஒன்று. பாட்டியும் இருந்தால் 6-இல் ஒன்று. 1956 முதலே இதுதான் சட்டம்.

மகள்கள் காத்திருக்க நேர்ந்தது பூர்வீகச் சொத்துக்குத்தான். தமிழ்நாடு 1989-இல் அதிலும் உரிமை தந்தது. ஆனால் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே விற்றுவிட்டதையோ, பதிவுசெய்தோ நீதிமன்றத் தீர்ப்பின்படியோ பிரித்துக்கொண்டதையோ இப்போது கிளற முடியாது.

சிக்கல் பத்திரத்துக்கு முன்பே தொடங்கும். வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும்போது கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரை விட்டுவிடுவார்கள். அதைக் காட்டிப் பட்டாவும் மாறிவிடும். பயப்பட வேண்டாம், பட்டாவால் மட்டும் உரிமை போய்விடாது. சான்றிதழின் நகலை வாங்கிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம்.

பத்திரத்தின் வரைவை முதல் நாளே வீட்டுக்கு வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். சொத்து விவரம் அங்கேதான் இருக்கும். ஒரு வீடு என்று சொல்லிவிட்டு, நான்கு சர்வே எண்களைச் சேர்த்திருப்பார்கள். அடுத்து தொகை. "என் பங்குக்கு ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்ட பிறகு, பணமே வரவில்லை என்று நிரூபிப்பது பெரும்பாடு. காசோலை எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். பேங்க் வேலைக்கு என்று நீட்டப்படும் பொது அதிகாரப் பத்திரத்தில் (பவர் பத்திரம்) விற்கும் அதிகாரமும் சேர்ந்திருக்கலாம். அதையும் படிக்காமல் போடாதீர்கள்.

மனமுவந்து விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. பிறந்த வீட்டு வாசலும் தாய்மாமன் சீரும் நின்றுபோகுமே என்ற பயத்தில் போடுவதுதான் பிறகு உறுத்தும். விட்டுக்கொடுப்பதென்றால் அம்மா பெயருக்கும் விட்டுக்கொடுக்கலாம். இதை யாரும் சொல்வதில்லை.

அம்மாவும் தன் பங்கைச் சேர்த்தே எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு ஒதுங்க இடமில்லாமல் நிற்பதுண்டு. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அம்மாவுக்கு 60 வயது ஆகியிருந்தால், மகன் கைவிடும்போது பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் அந்த வரிதான் கைகொடுக்கும்.

ஏமாற்றித்தான் வாங்கினார்கள் என்றால், அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பத்திரப் பதிவுக்கு நீங்களே போய்க் கைரேகை வைத்திருந்தால், அன்றைக்கே தெரியும் என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும்.