புதுப்பித்த பழைய பைக்கின் முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்த்து வருகிறேன். என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் என்னை மிகவும் கவலைக்குள்ளாக்குபவை, துருப்பிடித்த நிலையில் வருபவை அல்ல. பல மாதங்கள் பாடுபட்டுப் புதுப்பிக்கப்பட்டு, குரோமியம் பளபளக்க, ஓடும்போது மட்டும் தடுமாறுகிற வண்டிகளைக் கண்டால்தான் எனக்குப் பயம் வருகிறது. துருவைப் பார்த்தவர் மெதுவாக ஓட்டுவார். பெயின்டின் பளபளப்பைப் பார்த்தவர் வண்டியை முழுமையாக நம்பிவிடுகிறார்.

சென்ற ஆண்டு ஒருவர் 1956ஆம் ஆண்டின் பி.எஸ்.ஏ. ஏ10 என்ற பிரிட்டிஷ் வண்டியைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தை சர்க்கரை ஆலை வேலைக்கு ஓட்டிச்சென்ற வண்டி அது. தந்தை மறைந்தபின் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் முப்பது ஆண்டுகள் கிடந்ததை எடுத்து, இரண்டு ஆண்டுகள் செலவிட்டுப் புதுப்பித்திருந்தார். கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு கிளம்பியவருக்குப் பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக வண்டிகள் வந்துகொண்டிருக்க, அந்தச் செங்குத்தான சாலையில் தந்தையும் மகளும் வண்டியை ஓரத்துக்குத் தள்ளியதை அவர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அரை மணி நேரம் கழித்து உதைத்ததும் எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியிருக்கிறது.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில்தான் குறை என்று எல்லோரும் சொன்னதால், என்னிடம் வருவதற்குள் மூன்று முறை அதன் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைப் பாகத்தை, மாற்றியிருந்தார். நான் அதைத் தொடவில்லை. வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றினேன். அது நின்றவுடன் முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியிலுள்ள காற்றுத் துளை பெயின்டால் அடைபட்டிருந்தால் டேங்கினுள் காற்று புகாமல் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும்; திறக்கும்போது ‘உஸ்’ என்ற ஒலி கேட்கும். அப்படி எதுவும் கேட்கவில்லை. அடுத்துப் பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் தலையின்மேல் படும்படி வைத்து உதைத்தபோது, பொறி மஞ்சளாக மெலிந்து வந்தது. ஆறிய எஞ்சினில் அதே பிளக் கனத்த நீலப் பொறியைக் கொடுத்தது. பொறிக்கான மின்சாரத்தைத் தரும் மேக்னெட்டோவில், சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சருக்குள் இருக்கும் பழைய கண்டன்சர் (மின்தேக்கி), சூடேறியதும் மின்சாரத்தைக் கசியவிட்டதுதான் காரணம். வெளியிலிருந்து தெரியாத இடம் என்பதால் புதுப்பித்தவர் மேக்னெட்டோவின் மேல்மூடியை மட்டும் மெருகேற்றிவிட்டு அப்படியே பூட்டியிருந்தார். குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூட்டில் நின்று, ஆறியதும் மறுபடி ஓடும் வண்டியில் கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் மேக்னெட்டோவைச் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை எழுப்பும் பாயின்ட்களின் இடைவெளி அந்த வகை லூகாஸ் மேக்னெட்டோவில் 12 தௌ (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு), அதாவது ஏறக்குறைய 0.30 மில்லிமீட்டர், அதையும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து அளந்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும்.

பொறி சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு கார்புரேட்டருக்கு வரலாம். இவ்வண்டிகளில் உள்ள ஆமல் நிறுவனக் கார்புரேட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் திராட்டில் (கைப்பிடியைத் திருகி வேகம் கூட்டும் அமைப்பு) திறப்பின் ஒரு பகுதி சொந்தம் என்பதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும் ஆட்சி செய்கின்றன; அதற்குமேல் கால் பங்குவரை திராட்டில் ஸ்லைடின் கீழ்வெட்டு; கால் பங்கிலிருந்து முக்கால் பங்குவரை ஊசி; அதற்குமேல்தான் மெயின் ஜெட். கைப்பிடியில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி இந்த அளவுகளைக் குறித்துக்கொண்டு, எந்த இடத்தில் எஞ்சின் திக்குகிறது என்று பார்த்து ஓட்டுங்கள். கால் திராட்டிலில் திக்கும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, பல்வலிக்குக் காலில் மருந்து போடுவதைப் போன்றது. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ஃபிளேஞ்சை அளவுக்குமேல் முறுக்கினால் அது வளைந்து, ஓரத்தில் காற்று புகும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது வேகம் தானாக ஏறி இறங்குவதும் சைலன்சரில் வெடியோசை கேட்பதும் இதன் அடையாளங்கள்.

எங்கள் நாட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அதைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் இங்கிருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே ஒழுங்காக டியூன் செய்த வண்டி அங்கே போனால், காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்து, பிளக் கரியாகி, ஏற்றத்தில் மூச்சு வாங்கும். 1913 முதல் 1936 வரை இவ்விரு நகரங்களுக்கிடையே நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயங்களின் நினைவாக, 1936க்குள் செய்யப்பட்ட வண்டிகள் இன்றும் அந்தப் பாதையில் ஓட்டப்படுகின்றன. அதில் கலந்துகொள்பவர்கள் ஊசியை ஒரு பள்ளம் கீழே இறக்குவதையும், சிறிய மெயின் ஜெட்டைப் பையில் எடுத்துச் செல்வதையும் பழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஆபத்து ஏறுவதில் இல்லை, இறங்குவதில் இருக்கிறது. பெட்ரோல் மிகுந்த வண்டி புகை விடும், திக்கும், ஓட்டுபவருக்குக் குறையைச் சொல்லிவிடும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் டியூன் செய்த வண்டியை வாங்கி, டிரெய்லரில் ஏற்றி, டர்பனில் இறக்கி, அப்படியே நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அடர்த்தி மிகுந்த கடற்கரைக் காற்றுக்கு அந்தச் சிறிய ஜெட் தரும் பெட்ரோல் போதாது. வண்டி முதலில் சுறுசுறுப்பாகவே ஓடுவதுபோல் தோன்றும். எரியறையின் சூடு ஏறி, பிஸ்டனின் நெற்றி உருகத் தொடங்கும். சில நேரங்களில் சிலிண்டரில் பிஸ்டன் பற்றிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்படி ஓட்டையான பிஸ்டன்கள் இரண்டை என் மேசையின்மேல் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்று. உள்நாட்டிலிருந்து வந்த வண்டி எதுவானாலும், பிளக்கின் நிறத்தைப் பார்க்காமல் முழுத் திராட்டிலில் ஓட்டாதீர்கள். பால் கலந்த காப்பியின் நிறம் சரி. சாம்பல் வெண்மை என்றால் உடனே நிறுத்துங்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் இந்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேய்ந்து, வால்வு இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வந்தால், கடினமான புதிய இருக்கை பொருத்தும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இனி ஓட்டத்தின் நிலைத்தன்மை. இதில் இரண்டு வகை ஆட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். நடுத்தர வேகத்தில் கைப்பிடி மட்டும் விரைவாக உதறினால், குறை பெரும்பாலும் முன்பகுதியில், அதாவது டயரில், சக்கரத்தின் வட்டத்தில் அல்லது ஸ்டீயரிங் தலையின் கோன் செட்டில், அதாவது கைப்பிடி திரும்ப உதவும் பேரிங்கில் இருக்கும். வேகம் கூடும்போது வண்டியின் உடல் முழுவதும் மீன் நீந்துவதுபோல் மெதுவாக அசைந்தால், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் பின்சக்கரத்தையும் பாருங்கள். கோன் செட்டைச் சோதிப்பது எளிது: முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் சிறிதும் ஆடக்கூடாது, கைப்பிடியை நடுவில் விட்டு லேசாகத் தட்டினால் தன் எடையாலேயே இருபுறமும் தடையின்றி விழ வேண்டும். தளர்ந்திருந்தால் உதறும், அளவுக்குமேல் இறுகியிருந்தால் மெதுவாகப் போகும்போதே நேராக ஓட்ட முடியாமல் வண்டி அங்குமிங்கும் அலையும். இறுக்கினால் பாதுகாப்பு என்று நினைத்து இந்த இரண்டாவது தவற்றைச் செய்பவர்கள் அதிகம்.

ஒரு ட்ரையம்ஃப் வண்டியில் இவை எல்லாம் சரியாக இருந்தும் கைப்பிடியை விட்டால் இடப்பக்கம் இழுத்தது. நேரான இரண்டு மரச்சட்டங்களைச் சக்கரங்களின் இருபுறமும் வைத்து அளந்தபோது, பின்சக்கரத்தின் ரிம் ஒன்பது மில்லிமீட்டர் விலகியிருந்தது. ஸ்போக் கட்டியவர் ரிம்மை, சக்கரத்தின் மையப்பகுதியான ஹப்பின் நடுவில் நிறுத்தியிருந்தார். பிரேக் டிரம் ஒருபக்கம் இருப்பதால் பல பிரிட்டிஷ் ஹப்களில் ரிம் சற்று ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். ஆகவே பழைய சக்கரத்தைப் பிரிக்கும் முன்பே அந்த விலகலை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்போக்குகளை முறுக்கும்போது டிரம்மும் சற்று நீள்வட்டமாக இழுபடும். சக்கரம் கட்டிய பின்பு டிரம்மைக் கடைசல் இயந்திரத்தில் சீவாவிட்டால், பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கும்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2315 என்றிருந்தால் அது 2015ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாவது வாரத்தில் செய்யப்பட்டது. மூன்று இலக்கங்கள்தான் இருக்கின்றன என்றால் அந்த டயர் 2000க்கு முற்பட்டது. பட்டன் (டயரின் மேல்வரிகள்) எல்லாம் புதிதாக இருக்கிறதே என்று கேட்பார்கள். ரப்பர் கெட்டித்துப்போன டயர், டர்பன் மழையில் சாலையைப் பிடிக்காது. தந்தையின் நினைவாக அந்த டயரை வைத்திருக்கிறேன் என்று சொன்னவரிடம், அதைச் சுவரில் மாட்டிவையுங்கள், சக்கரத்தில் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறேன்.

ஓடும்போது உதறல் தொடங்கிவிட்டால் பிரேக்கை அழுத்தாதீர்கள், கைப்பிடியோடு மல்லுக்கட்டாதீர்கள். முழங்கால்களால் டேங்கை இறுகப் பிடித்து, திராட்டிலை மெதுவாகக் குறையுங்கள்.

புதிய பவுடர் பெயின்ட் இன்னொரு தொல்லை. எஞ்சினைத் தாங்கும் பட்டைகளுக்கும் சட்டகத்துக்கும் இடையே அது சிக்கினால், நாள்போக்கில் நசுங்கி போல்ட்கள் தளரும். எர்த் கம்பி பெயின்டின்மேல் பூட்டப்பட்டால் விளக்கு மங்கும், பேட்டரி ஏறாது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த். கார் பழகிய எலக்ட்ரீஷியன் மாற்றி இணைத்துவிடக் கூடும்.

பி.எஸ்.ஏ. வண்டிக்குக் கண்டன்சர் மாற்றிக் கொடுத்தபின், அதன் உரிமையாளரிடம் ஒரு சிறிய குறிப்பேட்டையும் கொடுத்தேன். முதல் பத்துக் கிலோமீட்டர் வீட்டைச் சுற்றி மட்டும். பிறகு எல்லா போல்ட்களையும் முறுக்கிப் பார்க்க வேண்டும். அடுத்துப் பழைய சாலை வழியாக ஹில்கிரெஸ்ட், அதன்பின் போத்தாஸ் ஹில், ஒன்றும் தவறவில்லை என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஐந்நூறு கிலோமீட்டர் முடியும்வரை பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான், அதையும் தேதியோடு எழுத வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் இரண்டு சக்கரங்களின் ஹப்பையும் புறங்கையால் மெல்ல அணுகித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் ஷூ உரசுகிறது அல்லது பேரிங் இறுகுகிறது. அதைப் பிரித்துப் பார்க்கும்வரை வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும்.