எட்டு மீட்டர் மண் கரையும் ஒரு குழாய் மூட்டும்

1982 ஜூலை 15, விடியற்காலை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் குப்பை அள்ள வந்த தொழிலாளி ஒருவர் மலைப்பக்கம் பெரும் இரைச்சல் கேட்டு நின்றார். ஆற்றுக்குள் என்ன வருகிறது என்று தெரிந்ததும் அங்கிருந்த அவசரத் தொலைபேசிக்கு ஓடினார். அந்த ஒரு அழைப்பால்தான் கீழே கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த பலரை எழுப்பி மேட்டுக்கு அனுப்ப முடிந்தது. அப்படியும் மூன்று பேர் இறந்தார்கள்.

உடைந்தது லான் ஏரியின் அணை. உயரம் 8 மீட்டர்தான், ஏறக்குறைய இரண்டு மாடி வீட்டு உயரம். 1903இல் சமவெளி விவசாயிகளுக்காகக் கட்டிய மண் கரை அது. கடைசி நாள் வரை ஒரு தனியார் பாசன நிறுவனத்தின் சொத்து.

கடல் மட்டத்திலிருந்து 3,300 மீட்டருக்கு மேல் விவசாயிக்கு என்ன வேலை? அந்த வட்டாரத்தில் மழை குறைவு, பனிதான் நீர். மே, ஜூனில் பனி உருகித் தண்ணீர் மொத்தமாக ஓடிவிடும். பயிர் தவிப்பதோ ஜூலை, ஆகஸ்டில். அந்த இடைவெளிக்குத்தான் அணை. இயற்கையாக இருந்த ஏரியின் வாயில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, வேண்டும்போது திறந்துவிட அடியில் குழாயும் வால்வும் வைத்தார்கள். உடைந்தபோது வெளியேறிய தண்ணீர் சுமார் 83 கோடி லிட்டர்.

மண் கரை தண்ணீரை முழுக்கத் தடுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கசியாத மண் கரையே கிடையாது. களிமண் செய்வதெல்லாம் தண்ணீரை மிக மிக மெதுவாக நடக்க வைப்பதுதான். ஆகவே கரை கசிகிறதா என்ற கேள்வியைவிட, கசிகிற தண்ணீர் மண்ணையும் கூட்டிப் போகிறதா என்ற கேள்விதான் பெரியது. ஒரு மணல் நகர்ந்தால் அந்த இடம் காலி. அங்கே தண்ணீர் கொஞ்சம் வேகமாகப் போகும், அடுத்த மணலை இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கரை அப்படியே இருக்கும், உள்ளே ஒரு சுரங்கம் வளரும். பொறியாளர்கள் இதைக் குழாய் அரிப்பு என்கிறார்கள். இதைத் தடுக்க, கரையின் கீழ்ப்பக்கத்தில் தேர்ந்தெடுத்த மணலால் ஓர் அடுக்கு வைப்பது வழக்கம். காபி ஃபில்டரில் டிகாஷன் இறங்கும், தூள் தங்கும் அல்லவா? அதே வேலை.

லான் ஏரியில் அரிப்பு குழாயிலிருந்தே தொடங்கியது. குழாயும் வால்வும் சேரும் மூட்டை ஈயத்தால் அடைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகளில் அந்த ஈயம் சிதைந்துவிட்டது. 7 மீட்டர் ஆழத்தில் தடையில்லாத ஒரு துளை இருந்தால் தண்ணீர் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பீறிடும். அந்த அழுத்தம் கரையின் வயிற்றுக்குள் வேலை செய்தது. கரை பிளந்தபின் உச்ச வேகத்தில் வினாடிக்கு 5 லட்சம் லிட்டர் தண்ணீர் பாய்ந்தது. வழியில் இருந்த ஒரு சிறு கான்கிரீட் அணையையும் தள்ளிவிட்டு எஸ்டெஸ் பார்க் ஊருக்குள் சேறாகப் புகுந்தது. 450 டன் எடையுள்ள பாறை ஒன்றையே அது உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சின்ன அணைதானே என்று இனி யாரும் சொல்லக் கேட்டால் எனக்கு இந்தப் பாறைதான் நினைவுக்கு வரும்.

சரி, முன்கூட்டியே யாரும் பார்க்கவில்லையா? அங்கே போக வண்டிப் பாதை இல்லை. மலை ஏறி நடக்க வேண்டும், ஆண்டின் பெரும்பகுதி பனி மூடியிருக்கும். மூட்டோ மண்ணுக்குள் புதைந்திருந்தது. இன்றைக்குக் கட்டுகிறவர்கள் வால்வை ஏரிப் பக்கமே வைக்கச் சொல்வது இதனால்தான்: அடைத்துவிட்டால் கரைக்குள் இருக்கும் குழாயில் அழுத்தமே இருக்காது.

இன்னொரு எமன், மேலே வழிவது. வாய்க்கால் மண்ணைத் தாங்கும் புல் கூட கரைமேல் மணிக்கணக்கில் தண்ணீர் வழிந்தால் தாங்காது. மிஞ்சிய நீர் போக கலிங்கு வேண்டும், அது அடைபடாமலும் இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணையை வைத்திருந்தது பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்று. அடியில் இருந்த வடிகுழாய்களை முந்தைய உரிமையாளர் காலத்திலேயே கழற்றிவிட்டார்கள். திரும்ப யாரும் பொருத்தவில்லை. சாலைக்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள், மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் வலைத்தட்டி போட்டார்கள். 1889 மே 31 பெருமழையில் தட்டியில் குப்பை அடைத்தது, கரை மேல் தண்ணீர் ஏறியது, கரை உடைந்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் ஊரில் 2,200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இப்படி ஒரு கரை உங்கள் பொறுப்பில் இருந்தால், அதில் மரம் வளர விடாதீர்கள். செத்த வேர் மக்கினால் அது தண்ணீருக்குத் திறந்த வழி. வளை தோண்டும் பிராணிகளும் அப்படித்தான். மாதம் ஒருமுறை கீழ்ப்பக்க அடிவாரத்தில் நடந்து பாருங்கள். கசிவு இருந்தால் அதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். ஏரி மட்டம் ஏறாமலே வாளி சீக்கிரம் நிரம்பத் தொடங்கினால், உடனே ஒரு பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

கலங்கல் நீர் வந்தால் பலரும் களிமண்ணால் துளையை அடைக்கப் பார்ப்பார்கள். அடைபட்ட தண்ணீர் வேறு பக்கம் வழி தேடும். அடைப்பதற்குப் பதில், நீர் வரும் துளைமேல் மணலையும், மணல்மேல் சரளையையும் கொட்ட வேண்டும்: தண்ணீர் வரட்டும், மண் நிற்கட்டும். மதகைத் திறந்து மட்டத்தையும் இறக்க வேண்டும். ஒரேயடியாக இறக்கினால் ஊறிய உள்பக்கக் கரை சரியக்கூடும், எவ்வளவு வேகம் என்பதைப் பொறியாளரிடம் கேளுங்கள். இதற்கெல்லாம் முன்னால், ஓடைக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்குப் போன் போட்டு வெளியேறச் சொல்லிவிடுங்கள்.